ஒரே தட்டு, இரண்டு கூரை

98 குழிகள் கொண்ட கறுப்புக் குழித்தட்டை இன்று இரண்டு விதமான கூரைகளின் கீழ் பார்க்கலாம். ராயக்கோட்டை, ஒட்டன்சத்திரம் போன்ற காய்கறி வட்டாரங்களின் நாற்றுப் பண்ணைகளில், நிழல்வலைக்கு அடியில் வரிசை வரிசையாகப் பரப்பியிருக்கும். சென்னை, கோவை அடுக்குமாடி வீடுகளின் ஜன்னல் ஓரத்தில் ஒன்றோ இரண்டோ இருக்கும். இரண்டிலும் நிரப்பியிருப்பது அதே தேங்காய் நார்க்கழிவு. கடைக்காரர் மொழியில் கோகோபீட். விதைத்திருப்பதும் பெரும்பாலும் அதே தக்காளி, மிளகாய், கத்தரி. வெள்ளையாகப் பூசணம் படர்வதும், நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று காலையில் படுத்துக் கிடப்பதும் இரண்டு இடங்களிலும் நடக்கின்றன.

நோய் ஒன்றாக இருந்தாலும் அது நுழையும் வழி வேறு. வீட்டில், உள்ளே போன ஈரம் வெளியேற முடிவதில்லை. பண்ணையில் ஈரமும் கிருமியும் தினந்தோறும் புதிதாக வந்துகொண்டிருக்கின்றன. இதைக் கவனிக்காமல் பண்ணைக்குச் சொன்ன மருந்தை ஜன்னலோரத் தட்டில் ஊற்றுவதும், ஜன்னலோரத் தட்டுக்குச் சொன்ன பட்டைத்தூளைப் பண்ணைக்காரரிடம் எடுத்துச் செல்வதும் இருவருக்கும் நாற்று நட்டத்தைத்தான் தருகின்றன.

முதலில் ஆளை அடையாளம் காண வேண்டும். தட்டில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் நோயல்ல. நார்க்கழிவின் மேற்பரப்பிலும், காகிதக் குவளையின் விளிம்பிலும், முளைத்த விதையின் உரிந்த தோலிலும் படரும் பஞ்சு போன்ற பூசணம் பெரும்பாலும் இறந்த பொருளைத் தின்று வாழ்வது. உயிருள்ள தண்டை அது தொடுவதில்லை. ஆனால் அது ஒரு தகவலைச் சொல்கிறது: மேற்பரப்பு பல நாளாகக் காயவில்லை. நாற்றைச் சாய்ப்பவை வேறு. பித்தியம், ரைசோக்டோனியா, பைட்டோப்தோரா, பியூசேரியம் ஆகியவை முக்கியமானவை. இவற்றில் பித்தியத்தை வழக்கத்தில் பூஞ்சை என்று சொன்னாலும், உயிரியலில் அது உண்மையான பூஞ்சைக் கூட்டத்தைச் சேர்ந்ததல்ல; நீரில் வாழும் பாசிகள் சிலவற்றுக்கு நெருங்கிய உறவு. அதன் இனப்பெருக்க வித்துகள் தண்ணீரில் நீந்திப் போகும். ஈரம் நிறைந்த ஒரு தட்டின் ஒரு மூலையில் அது இருந்தால், மறுமூலைக்குப் போகத் தண்ணீரே பாதை.

பித்தியம் தாக்கிய நாற்றைப் பிடுங்கிப் பார்த்தால் மண்மட்டத்தில் தண்டு நீர்கோத்து, கண்ணாடி போலாகி, நூலாக இளைத்திருக்கும். இரு விரலால் அழுத்தினால் நசுங்கும். மேலே இலை இன்னும் பச்சையாகவே இருக்கும். அதனால்தான் ஒரே இரவில் விழுந்ததாகத் தோன்றுகிறது. ரைசோக்டோனியா தாக்கினால் அழுகல் அவ்வளவு ஈரமாக இருக்காது. தண்டில் செம்பழுப்பு நிறத்தில் உள்வாங்கிய தழும்பு தெரியும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் நாற்றுகளில் தண்டு கம்பி போல் இறுகி, நாற்று சாயாமலே வளர்ச்சி நின்றுபோவதும் உண்டு. இந்த இரண்டையும் பிரித்தறிவதில் பெரிய பயன் இருக்கிறது. கடையில் எல்லா அழுகலுக்கும் எடுத்துக் கொடுக்கும் கார்பன்டாசிம் ரைசோக்டோனியாவை அடக்கும். பித்தியத்தை ஒன்றும் செய்யாது. மெட்டலாக்சில் பித்தியத்தை அடக்கும். ரைசோக்டோனியாவிடம் அதன் வேலை நடக்காது. நீர்கோத்துச் சாய்ந்த நாற்றுக்குக் கார்பன்டாசிம் ஊற்றுபவர் மருந்துக்கும் செலவழித்து, தட்டுக்கு இன்னும் ஒருமுறை தண்ணீரும் ஊற்றியவராகிறார்.

இனி வீட்டுக்கு வருவோம். வீட்டுத் தட்டின் பெரிய குறை வெளிச்சம். ஜன்னலிலிருந்து ஒரு கை தூரம் உள்ளே தள்ளி வைத்தாலே நாற்றுக்குக் கிடைக்கும் ஒளி வெகுவாகக் குறைந்துவிடும். ஒளி குறைந்தால் நாற்று வெளுத்து நீளும் என்பது எல்லோரும் அறிந்தது. அதோடு, ஒளி குறைந்த நாற்று தண்ணீரையும் குறைவாகவே குடிக்கும். காற்றும் அசையாது. திங்கள் கிழமை ஊற்றிய தண்ணீர் வியாழக்கிழமையும் குழியில் அப்படியே நிற்கும். வளர்ப்பவர் அன்போடு வெள்ளிக்கிழமை இன்னொரு முறை ஊற்றுவார். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், சமையலறை ஜன்னலில், பக்கத்தில் இட்லிப் பானை ஆவியும் சேர்ந்துகொண்டால் அந்தத் தட்டு காயவே காயாது.

நிழல்வலைக் குடிலில் நிலைமை தலைகீழ். பாதி ஒளியை மறைக்கும் 50 சதவீத நிழல்வலைக்குக் கீழேகூட வெயில் கணிசமாகவே இருக்கிறது. காற்று பக்கவாட்டில் வருகிறது. ஏப்ரல் மாதத்தில் ஒரே பகலில் குழி காய்ந்துவிடும். ஆகவே அங்கே தண்ணீர் காலையும் மாலையும் ஊற்றித்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு முறையும் பூவாளியிலிருந்தோ ஹோஸ் குழாயிலிருந்தோ வரும் தண்ணீர், திறந்த தொட்டியிலிருந்து அல்லது பண்ணைக் குட்டையிலிருந்து வருமானால், பித்தியத்தையும் கொண்டுவரக்கூடும். தரையில் பட்டுத் தெறிக்கும் துளிகள் மண்ணைத் தட்டுக்குள் எறிகின்றன. மழை பெய்தால் நிழல்வலை அதைத் தடுப்பதில்லை. இழைகளில் திரண்டு பெரிய பெரிய சொட்டுகளாக நாற்றின் மேல் விழவிடுகிறது. பாலித்தீன் போர்த்திய பசுமைக் குடிலில் மழை நுழையாது. ஆனால் ஓசூர்ப் பக்கத்து டிசம்பர் விடியலில் உள்கூரையில் பனித்துத் திரளும் நீர், ஒரே கோட்டில் சொட்டி, அந்தக் கோட்டிலுள்ள தட்டுகளை மட்டும் அழுக வைக்கும். அழுகல் இப்படி நேர்கோட்டில் வந்தால் மருந்தைத் தேடுவதற்குமுன் அண்ணாந்து கூரையைப் பார்க்க வேண்டும்.

ஆகவே தண்ணீர் ஊற்றுவதைப் பற்றிய அறிவுரை இரு இடங்களுக்கும் ஒன்றாக இருக்க முடியாது. வீட்டில் ஊற்றும் முன் தட்டைக் கையில் தூக்கிப் பார்ப்பதுதான் நல்ல அளவுகோல். காய்ந்த தட்டும் நனைந்த தட்டும் எடையில் நன்றாகவே வேறுபடும். இரண்டு மூன்று முறை தூக்கினால் கைக்குப் பழகிவிடும். கனமாக இருந்தால் ஊற்றத் தேவையில்லை. இலேசாகிவிட்டால் மேலிருந்து ஊற்றாமல், ஓர் அகலத் தாம்பாளத்தில் விரற்கடை அளவு தண்ணீர் விட்டுத் தட்டை அதில் கால் மணி நேரம் வைத்து, குழிகள் உறிஞ்சியதும் எடுத்து வடியவிடலாம். மேற்பரப்பு உலர்வாக இருக்கும். வேருக்குத் தண்ணீர் போய்விடும். தாம்பாளத்திலேயே தட்டை விட்டுவிட்டால் இந்த முறையின் முழுப் பயனும் போயிற்று.

பண்ணையில் ஆயிரம் தட்டைத் தூக்கிப் பார்க்க முடியாது. தாம்பாளமும் நடக்காது. அங்கே நேரமும் இடமும்தான் அளவுகோல். முதல் தண்ணீர் வெயில் ஏறுமுன்; கடைசித் தண்ணீர் பொழுது சாய்வதற்குள் இலை காய்ந்துவிடும்படி. ஓரத் தட்டுகள் நடுவிலுள்ளவற்றைவிட விரைவாகக் காயும். தண்ணீர் விடுபவர் ஓரத்தின் வாட்டத்தைப் பார்த்து முழுப் பாத்திக்கும் ஊற்றுவார். நடுத்தட்டுகள் தேவைக்கு மேல் நனையும். அழுகல் நடுவிலிருந்து தொடங்குவதற்கு இது ஒரு பெரிய காரணம். ஓர வரிசைக்குத் தனியாக ஒருமுறை பூவாளி பிடிப்பது வேலையாட்களுக்குக் கூடுதல் சிரமம்தான், ஆனாலும் எந்த மருந்தைவிடவும் மலிவு. தட்டுகளைத் தரையில் பரப்பாமல், கம்பி மேடையிலோ செங்கல் மேலோ தூக்கி வைத்தால் அடித்துளை வழியாகத் தண்ணீர் வடியும், காற்றும் நுழையும்.

குழித்தட்டைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இரு தரப்பாரும் அதிகம் பேசாத விஷயம் இது. எந்தக் குழியிலும் வடிந்தது போக அடியில் ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும். அந்த உயரம் துகள் எவ்வளவு நுண்மையானது என்பதைப் பொறுத்தது. குழி எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்ததல்ல. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை முழுதாக நனைத்துப் படுக்கை வாட்டில் பிடித்தால் சொட்டி நின்றுவிடும்; அதையே செங்குத்தாக நிறுத்தினால் மறுபடி சொட்டும். உயரம் கூடியதால் மேல்பகுதி காய்கிறது. ஆழம் குறைந்த குழியில் விதை கிட்டத்தட்ட அந்தத் தேங்குநீர் மட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. எனவே வெயிலும் காற்றும் உள்ள பண்ணைக்கு ஏற்ற சிறுகுழித் தட்டு, வெளிச்சம் குறைந்த வீட்டுக்கு அவ்வளவாக ஏற்றதல்ல. வீட்டில் ஐந்தாறு நாற்றுக்கு மேல் யாருக்கும் தேவைப்படுவதில்லை. ஆழமான குவளையில், நார்க்கழிவோடு பெர்லைட்டோ கழுவிய கரடுமுரடான மணலோ கலந்து விதைப்பது நல்லது என்பது என் உறுதியான கருத்து. கலவையைக் கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஓரிரு சொட்டு கசிந்தால் போதும். ஒழுகினால் விதைக்கக் கூடாது.

அடுத்து மூடி. விதை முளைக்க ஈரமும் வெப்பமும் நிலையாக இருக்க வேண்டும் என்பதற்காக இரு இடத்திலும் மூடுகிறார்கள். பண்ணையில் விதைத்த தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பாலித்தீன் தாளால் போர்த்துவார்கள். வீட்டில் ஒளிபுகும் பிளாஸ்டிக் மூடியோ பையோ போடுகிறார்கள். பண்ணையில் ஆபத்து ஒருநாள் தாமதம். தக்காளி அடுக்கை மூன்றாம் நாளிலிருந்தே பிரித்துப் பார்க்க வேண்டும். மிளகாய்க்கு ஒரு வாரம் வரை ஆகலாம். ஞாயிற்றுக்கிழமை ஆள் வரவில்லை என்று அடுக்கை விட்டுவைத்தால், இருட்டில் முளை வளைந்து நீண்டு, மேல் தட்டின் அடியில் முட்டி, பூசணமும் சேர்ந்திருக்கும். வீட்டில் ஆபத்து வேறு. மூடியின் உட்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருப்பதைப் பார்க்க அழகாக இருக்கிறது. செடி நலமாக இருப்பதாக எண்ணிப் பத்து நாளும் மூடியே வைக்கிறார்கள். முதல் முளை தலைகாட்டிய அன்றே மூடி போக வேண்டும். எல்லா விதையும் முளைக்கட்டும் என்று காத்திருந்தால், பிந்தி வரும் இரண்டுக்காக முந்தி வந்த பத்து போய்விடும். மூடியை எடுத்தபின் சீலிங் ஃபேன் ஓடும் அறையில், இலை இலேசாக அசையும் இடத்தில் வைத்தாலே போதும்.

டிஷ்யூ தாளில் விதையை முளைகட்டி நடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. வெளிவந்த வேரைச் சுற்றி வெல்வெட் போல வெள்ளையாகத் தெரிந்தால் பூசணம் என்று பதறித் தூக்கிப் போடுகிறார்கள். பல வேளைகளில் அது வேர்த்தூவி. நுண்ணிய நீர்த்துளிகளைத் தெளித்தால் வேர்த்தூவி வேரோடு ஒட்டிப் படிந்து காணாமல் போகும். பூசணம் அப்படிப் படியாது. வேரை விட்டுத் தாளிலும் விதைத்தோலிலும் இழை ஓடியிருக்கும்.

கலவையைக் கிருமி நீக்கம் செய்வதா, அதில் நல்ல உயிரைச் சேர்ப்பதா என்பதில்தான் வீடும் பண்ணையும் மிகவும் விலகி நிற்கின்றன. இந்த வாதத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. 1930களில் இங்கிலாந்தின் மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில் வில்லியம் லாரன்ஸ், ஜான் நியூவெல் ஆகியோர், ஆராய்ச்சிக்காக வளர்த்த ப்ரிமுலா நாற்றுகள் தொடர்ந்து அழுகியதால், மண்ணை நீராவியில் வேகவைத்துப் பயன்படுத்தும் கலவை முறையை உருவாக்கினார்கள். ஜான் இன்னஸ் கலவை என்ற பெயரில் அது இன்றும் பிரிட்டிஷ் தோட்டக்காரர்களிடம் புழங்குகிறது. பின்னர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் கென்னத் பேக்கர் 1957இல் வெளியிட்ட கையேடு, தொட்டிச் செடி வளர்ப்பில் சுத்தத்தை ஓர் ஒழுங்கான முறையாகவே ஆக்கியது. அதே பேக்கர்தான் பிறகு ஒரு முக்கியமான திருத்தத்தையும் முன்வைத்தார்: மண்ணை முழு நீராவி வெப்பத்தில் வேகவைத்தால் எல்லா உயிரும் செத்துவிடுகின்றன, அந்த வெற்றிடத்தில் முதலில் வந்து விழும் கிருமி எதிர்ப்பில்லாமல் பெருகும். காற்று கலந்த நீராவியால் 60 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் வைத்தால் நோய்க்கிருமிகள் சாகும், நன்மை செய்பவற்றில் பல பிழைக்கும்.

இந்தத் திருத்தம் வீட்டுக்காரர்களை இன்னும் போதிய அளவு வந்தடையவில்லை. கொதிநீர் ஊற்றியோ மைக்ரோவேவ் அடுப்பில் வைத்தோ கலவையைச் சுத்தம் செய்கிறார்கள். பிறகு கழுவாத பழைய தட்டில் அதை நிரப்பி, பால்கனி வாளியில் நாலு நாள் நின்ற தண்ணீரை ஊற்றுகிறார்கள். வெறுமையாக்கிய கலவையில் கிருமியை விதைப்பதற்குச் சமம் இது. வீட்டில் நல்ல நார்க்கழிவுக் கட்டியை வாங்கி, உப்பு போக இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்தால் போதும், வேகவைக்கத் தேவையில்லை. வேகவைக்கும் நேரத்தைத் தட்டைக் கழுவுவதில் செலவிடலாம். ஒட்டியிருக்கும் பழைய கலவையைத் தேய்த்துக் கழுவிய பிறகு, திரவ ப்ளீச் ஒரு பங்கும் தண்ணீர் ஒன்பது பங்குமாகக் கலந்து பத்து நிமிடத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, அலசிக் காயவிட வேண்டும். அழுக்கோடு ஊறவைத்தால் ப்ளீச்சின் வீரியம் அந்த அழுக்கிலேயே தீர்ந்துவிடும்.

பண்ணைக்காரர்கள் எதிர்வழியில் போகிறார்கள். மக்கிய நார்க்கழிவில் வேப்பம் புண்ணாக்கும் டிரைக்கோடெர்மா விரிடியும் கலந்து, ஈரம் காத்துச் சில நாள் மூடி வைத்துப் பிறகு தட்டில் நிரப்புகிறார்கள். விதைக்கு ஒரு கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் கலப்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. டிரைக்கோடெர்மா மற்றப் பூஞ்சைகளின் இழைகளைச் சுற்றி வளைத்து உண்ணும் என்பதை ரிச்சர்ட் வெய்ன்ட்லிங் 1932இலேயே எழுதியிருக்கிறார். இது வேலை செய்ய இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. நோய்க்கு முன்னால் அது போய்க் குடியேறியிருக்க வேண்டும். நாற்று சாய்ந்தபின் ஊற்றினால் பயன் மிகக் குறைவு. கூடவே கார்பன்டாசிம் ஊற்றக்கூடாது; அது டிரைக்கோடெர்மாவையும் கொன்றுவிடும். வீரிய ஒட்டு விதைப் பாக்கெட்டைப் பிரித்தால் விதை சிவப்பாகவோ நீலமாகவோ இருக்கிறதென்றால் ஏற்கெனவே பூஞ்சணக்கொல்லி பூசியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். அப்போது டிரைக்கோடெர்மாவை விதையில் சேர்க்காமல் கலவையில் சேர்ப்பதே சரி. ஒன்றை இங்கே அழுத்திச் சொல்கிறேன்: முன்கூட்டியே டிரைக்கோடெர்மா கலந்த தட்டில் பசுமையான பொடிப் பூசணம் தெரிந்தால் பெரும்பாலும் அது நீங்கள் விட்ட காவலாள்தான். அதைச் சுரண்டி எறிய வேண்டாம்.

சுத்தமா, உயிரா என்று என்னிடம் கேட்டால், பண்ணைக்கு உயிர், வீட்டுக்குச் சுத்தம் என்பேன். பண்ணையில் தண்ணீர், ஆள், காற்று, மண் எல்லாம் கிருமியைக் கொண்டுவந்துகொண்டே இருக்கும். வாசலை அடைக்க முடியாது, உள்ளே காவல் போட வேண்டும். வீட்டில் வாசல் சிறியது. புதிய கலவை, கழுவிய தட்டு, குழாய்த் தண்ணீர், கழுவிய கை ஆகியவற்றோடு வாசலை அடைத்துவிடலாம். உயிரியல் பொடியை வாங்கி வெயில் படும் அலமாரியில் வருடக்கணக்கில் வைத்திருந்து பயன்படுத்துவதால் பலனில்லை. அதிலுள்ள உயிர் எப்போதோ செத்திருக்கும்.

பட்டைத்தூள், மஞ்சள்தூள், அடுப்புச் சாம்பல் பற்றிக் கேட்காத வீட்டுத் தோட்டக்காரர் இல்லை. பட்டையிலுள்ள சின்னமால்டிஹைடு பூஞ்சையை அடக்கும் தன்மை கொண்டதுதான். மேற்பரப்பில் தூவினால் மேலே படரும் வெள்ளைப் பூசணம் குறையலாம். குழிக்குள் தண்ணீரில் நீந்தி வேரைத் தேடும் பித்தியத்துக்கு அது போய்ச் சேராது. சாம்பலை அதிகம் போட்டால் காரத்தன்மை ஏறி இளவேர் கருகும். மேற்பரப்பு காய வேண்டுமென்றால், விதை மேல் மெல்லிய மணல் அடுக்கு ஒன்று போடுவது இவற்றைவிட மேல். ஈரம் நிற்காத அந்த அடுக்கு, ஈரமண்ணை நாடி முட்டையிடும் சிறிய கறுப்பு ஈக்களையும் விலக்கும். அந்த ஈக்களின் புழுக்கள் வேரைக் கடிக்கும்; பறக்கும் ஈக்கள் பித்தியத்தைத் தட்டுக்குத் தட்டு சுமந்தும் செல்லக்கூடும்.

பண்ணைக்காரருக்கு உள்ள ஒரு சங்கடம் வீட்டுக்காரருக்கு இல்லை. தக்காளி இலைச்சுருள் வைரஸைப் பரப்பும் வெள்ளை ஈ நுழையாமல் இருக்க நுண்துளைப் பூச்சிவலை கட்ட வேண்டியிருக்கிறது. துளை சிறுத்தால் காற்றும் சிறுக்கும், அழுகல் கூடும். இதில் ஒன்றை விட்டுத்தான் மற்றொன்றைப் பெற முடியும் என்றால் வலையை விட முடியாது. வைரஸ் வந்த நாற்றுக்கு மருந்தே கிடையாது. விட்டுக்கொடுக்க வேண்டியது நெருக்கத்தை. தட்டுக்குத் தட்டு கை நுழையும் இடைவெளி, உயரமான கூரை, ஒரு குழிக்கு ஒரே விதை. சீசனில் ஒரு தட்டு கூடுதலாக வைத்தால் அவ்வளவு வருமானம் என்று எண்ணும் நேரத்தில் இதைச் சொல்வது எளிதல்லதான். அழுகல் தென்பட்டுவிட்டால் அந்தத் தட்டையும் அதைச் சுற்றியுள்ளவற்றையும் தண்ணீர்ப் பாதையிலிருந்து உடனே எடுத்துவிட்டு, மீதிக்கு லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு கலந்து வேர்ப்பகுதி நனைய ஊற்றுவது வழக்கம். நோய் பரவுவதை அது நிறுத்த உதவும், சாய்ந்ததை நிமிர்த்தாது. வீட்டில் ஆறு குவளையில் ஒன்று சாய்ந்தால் மருந்து தேடாமல் அந்தக் குவளையைக் கலவையோடு வெளியேற்றிவிட்டு, மற்றவற்றை இரண்டு நாள் காயவிடுவது போதும்.

வீட்டில் விதைத்து அழுகி, அலுத்துப்போய், நாற்றையே பண்ணையில் வாங்கிவிடலாம் என்று முடிவெடுப்பவர்கள் நிறைய. அப்படி வாங்கும்போது இலையின் பச்சையைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு நாற்றைக் குழியோடு மெல்ல உருவித் தரச் சொல்லுங்கள். வேர் வெள்ளையாக, குழியின் வடிவத்தைப் பிடித்துக்கொண்டு முழுதாக வந்தால் வாங்கலாம். வேர் பழுப்பாகி, இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று உள்ளே நூல் மட்டும் மிஞ்சினால், அது பித்தியம் ஏறிய நாற்று. நட்ட பத்து நாளில் வயலிலோ மாடியிலோ சாயும். அதே தட்டில் நன்றாகத் தெரியும் நாற்றையும் எடுக்காமல், வேறு அடுக்கிலுள்ள தட்டைக் கேளுங்கள்.